பதினேழாம் எண் தசை

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மனிதத் தசையை உறைய வைப்பது அவள் வேலை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு துண்டைக்கூடக் கெடுத்ததில்லை. இதைப் பிறர் சொல்லட்டும் என்று காத்திருக்கும் வழக்கமும் அவளுக்கு இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். கர்வம்தான். கர்வப்பட்டுக்கொள்ள மனுஷிக்கு ஒரு விஷயமாவது வேண்டாமா?

வேலை கேட்பதற்கு எளிது. பக்கத்து அறையில் டாக்டர், வந்தவரின் தொடையை மரத்துப்போக வைத்து, பேனா கனத்தில் ஓர் ஊசியை இறக்கி, பட்டாணி அளவு தசையை எடுப்பார். சுவரில் உள்ள சின்ன ஜன்னல் வழியாக அது இவள் கைக்கு வரும். கூட ஓர் எண் வரும், பெயர் வராது. அதை அவள் சட்டென்று உறைய வைக்க வேண்டும். மெதுவாக உறைந்தால் தசைக்குள் இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாகப் பனியாகி நார்களில் ஓட்டை போட்டுவிடும். அதனால் திரவ நைட்ரஜனுக்குள் ஒரு கிண்ணத்தைத் தொங்கவிட்டு, அதில் வேறொரு திரவத்தை ஊற்றி வைத்திருப்பாள். கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகப் பூத்து வரும்போது தசையை முக்க வேண்டும். முந்தினால் துண்டு கெட்டது. அந்த வெள்ளைக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அறையில் யாரும் தும்மக்கூடக் கூடாது.

அந்த வருஷத்து ஆராய்ச்சி நாற்பதைத் தாண்டியவர்களைப் பற்றியது. பன்னிரண்டு வாரம் காலுக்குப் பயிற்சி. தொடங்கும் முன் ஒரு துண்டு, முடிந்த பின் ஒரு துண்டு. இடையில் தசைக்குள் என்ன மாறியது என்று பார்ப்பார்கள். ஆள் போதவில்லை என்று பேராசிரியை புலம்பிக்கொண்டிருந்தார். அக்கா தன் தம்பியைப் பிடித்துக் கொடுத்தாள்.

தம்பி, வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் தூக்குகிறவன். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் கிரேன். பிரிட்ஜைத் தனியாக முதுகில் கட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறுவான். ஏறிக்கொண்டே பாட்டும் பாடுவான், அதைத்தான் பொறுக்க முடியவில்லை என்பார்கள். நாற்பத்தொரு வயது. சில மாதமாகக் கை நழுவுகிறது, படியில் கால் இடறுகிறது என்று அவன் சொன்னபோது, அக்கா அதே மூச்சில் வைத்தியமும் சொல்லிவிட்டாள்.

"வயசாகுதுடா. எக்சர்சைஸ் பண்ணு, சரியாயிடும்."

"நாள் பூரா பீரோ தூக்கறேன். அது எக்சர்சைஸ் இல்லியா?"

"அது பொழப்பு. இது வேற. பேசாம வா."

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினாறு. அன்றிலிருந்து அவள் சொன்னால் அவனிடம் மறுபேச்சு கிடையாது. முணுமுணுப்பு மட்டும் உண்டு.

முதல் நாள் பேராசிரியை எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். "எடை தூக்கறப்ப தசை வளராது. தூக்கிட்டு வீட்டுக்குப் போய் ஓய்வா இருக்கறப்பதான் வளரும். நார் இழுபடறப்போ உள்ள ஒரு புரோட்டீன் முழிச்சுக்கும். அது இன்னொண்ணத் தட்டி எழுப்பும். அது அடுத்தத எழுப்பும். செய்தி அப்படியே கைமாறிக் கைமாறி நாரோட கரு வரைக்கும் போகும். அப்புறம்தான் புதுசா கட்டற வேலை ஆரம்பிக்கும். நாருக்கு வெளிய ஒட்டிக்கிட்டுச் சின்னச் செல்லுங்க சும்மா தூங்கிக்கிட்டிருக்கும். அதுங்களும் எழுந்து வந்து, தன்னோட கருவையே நாருக்குக் குடுத்துட்டு அதோட கலந்துடும்."

கிரேன் கையைத் தூக்கினான். "அப்ப நான் தூங்கறதும் வேலைதான்னு என் சம்சாரத்துக்கு ஒரு லெட்டர் குடுப்பீங்களா மேடம்?"

பேராசிரியைகூடச் சிரித்துவிட்டார். பின்வரிசையில் நின்றிருந்த அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

தசை எடுக்கும் நாள் வந்தது. எண் தெரியலாம், ஆள் தெரியக் கூடாது என்பது அங்கே விதி. தெரிந்துவிட்டால் பேராசிரியையிடம் சொல்லி, அந்தத் துண்டை வேறொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். பதினேழாம் எண் வந்தபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரலும் வந்தது.

"டாக்டர், அத வாங்கறவங்ககிட்ட சொல்லி வைங்க. வறுத்துடப் போறாங்க!"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தபடியே முக்கிவிட்டாள். முக்கிய பிறகுதான் கிண்ணத்தைப் பார்த்தாள். அடியில் வெள்ளை சரியாகப் பூத்திருக்கவில்லை. ஒருவேளை பூத்திருந்ததோ? சிரிப்பில் கவனிக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குரல் தெரிந்துவிட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வாரம், துண்டுகளைச் சீவி, சாயம் ஏற்றி, தரம் பார்ப்பதற்காக மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். நல்ல தசையைக் குறுக்கே வெட்டினால் தரையில் பதித்த ஓடுகள் மாதிரி இருக்கும். ஒவ்வொரு நாரும் பக்கத்து நாரோடு இடைவெளியில்லாமல் பொருந்தியிருக்கும். பதினேழில் அப்படி இல்லை. பெரிய நார்களுக்கு நடுவே, கொத்துக் கொத்தாக, யாரோ நசுக்கியது போல ஒல்லி நார்கள், கூரான மூலைகளோடு கிடந்தன. அங்கங்கே ஓட்டைகளும் இருந்தன. ஓட்டையைப் பார்த்ததுமே அவளுக்கு முகம் சுட்டது. எல்லாம் தன் சிரிப்பு செய்த வேலை என்று நினைத்தாள்.

பனி ஓட்டை போடும். நாரைக் கொத்துக் கொத்தாக மெலிய வைக்காது. இது அவளுக்குத் தெரியாததா? புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தானே. ஆனால் தப்பு தன்னுடையது என்று முடிவு கட்டி, அதை எப்படி மறைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டவளின் கண்ணுக்கு வேறு எதுவும் தெரிவதில்லை. முன் துண்டையும் பின் துண்டையும் கடைசியில் ஒன்றாக வைத்துத்தான் பேராசிரியை பார்ப்பார். அதுவரை கேட்க மாட்டார். நோட்டில் பதினேழுக்கு எதிரே, இருப்பதிலேயே சின்ன எழுத்தில், 'உறைவுப் பிழை' என்று எழுதினாள். மிச்சத் துண்டை ஃப்ரீசரின் அடித்தட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பத்தொன்பது வருஷப் பெருமைக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொண்டாள், மகராசி.

பயிற்சி நடந்தது. வாரம் மூன்று நாள் ஆய்வுக்கூடத்து ஜிம்மில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அக்காவின் சொந்த ஏற்பாடு. அவள் வீடு ஐந்தாவது மாடியில். கட்டிடத்தில் லிப்ட் உண்டு, தம்பிக்கு மட்டும் கிடையாது. இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் படியேறி வர வேண்டும். அக்கா மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கும் தண்ணீர் வந்த மாதிரி இருந்தது என்பது வேறு விஷயம்.

மற்றவர்கள் வாரத்துக்கு வாரம் எடை கூட்டினார்கள். அவனுக்குக் கூடவில்லை. ஆறாவது வாரம் குறைந்தது.

"ஜிம்ல அரட்டை அடிக்கறியா?"

"இல்லக்கா. சத்தியமா முழுசாத்தான் பண்றேன்."

"அப்ப ஏன் ஏற மாட்டேங்குது?"

"தெரியல. நான் சொல்றது உடம்புக்குக் கேக்க மாட்டேங்குது." சொல்லிவிட்டு அவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். அடுத்த நாளிலிருந்து யாரும் சொல்லாமலே அரைமணி நேரம் கூடுதலாகப் பயிற்சி செய்தான்.

அவனுக்கு ஒரே மகள். படுக்கையறைக் கூரையில், கட்டிலுக்கு நேர் மேலே, பிறந்தநாளுக்கு ஒன்றாக நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுவது அப்பாவும் மகளும் வைத்துக்கொண்ட சட்டம். ஏணி வைத்தால் செல்லாது. சாமான் தூக்குகிறவர்கள் ஏறி நிற்கும் மரப்பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் மேல் அவன் நிற்க, அவன் தோளில் அவள் உட்கார்ந்து, கையை நீட்டி ஒட்டுவாள். எட்டு நட்சத்திரம் ஆகியிருந்தது. ஒன்பதாவது பிறந்தநாள், பயிற்சியின் எட்டாவது வாரத்தில் வந்தது. மரப்பெட்டியை இழுத்துப் போட்டாயிற்று. குழந்தை ஸ்டிக்கர் அட்டையோடு நின்றாள். அக்காதான் குறுக்கே விழுந்தாள்.

"நேத்துதானே காலுக்குப் பண்ணினே? இன்னிக்கு நாரெல்லாம் நொந்துபோய் கிடக்கும். ஓய்வு நாள்ல தூக்கினா அத்தனையும் வீண். இன்னும் நாலே வாரம். அப்புறம் இவளத் தூக்கிப்போட்டுப் பிடிக்கலாம்."

"தூக்கிடுவேன்க்கா. இவ என்ன பிரிட்ஜா?"

"சொன்னா கேளு."

கேட்டான். எப்போதும் கேட்கிறவன்தானே. குழந்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அட்டையை அலமாரியில் வைத்தாள்.

பதினோராவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவன் உட்கார்ந்துவிட்டான். மேலிருந்து பார்த்த அக்காவுக்கு அவன் உச்சந்தலையும் பக்கத்தில் கேனும் தெரிந்தன.

"என்னடா, அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?"

"கால் வரலக்கா."

"சும்மா நடிக்காத. எழுந்திரு, சோம்பேறி."

எழுந்தான். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, கேனோடு ஐந்தாவது மாடிக்கு வந்து சேர்ந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா கை தட்டினாள். அந்தக் கைத்தட்டலை இப்போது நினைத்தால், அந்தக் கையையே வெட்டிப் போட்டுவிடலாம் போல இருக்கும் அவளுக்கு.

பின் துண்டுகளை எடுத்தார்கள். இந்த முறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு வேடிக்கைப் பேச்சும் இல்லை. வெள்ளை பூத்த அதே கணத்தில் முக்கினாள். பேராசிரியை ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் பதினேழில் நின்றார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இதோட முதல் துண்டு எங்க?"

"அது உறைவுப் பிழை மேடம்."

"உங்க கையிலயா?" நம்ப முடியாமல் திரும்பிப் பார்த்தார். "எடுங்க, பாப்போம்."

எடுத்தாள். வேறு சீவலைச் சாயம் ஏற்றினாள். அவர் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, அவளை அதில் உட்காரச் சொன்னார். "ஓட்டைய விடுங்க. அது நீங்க அவசரப்பட்டது, ரெண்டு மூணு இருக்கு. இந்த ஒல்லி நாருங்களப் பாருங்க. கொத்துக் கொத்தா. இது பனி பண்ற வேலையா?"

அவள் பார்த்தாள். இப்போது ஓட்டை எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

"நரம்பு செத்துக்கிட்டிருக்கு," என்றார் பேராசிரியை. "தசைக்குள்ள எல்லாம் தயாரா இருந்தாலும் நரம்பு உத்தரவு போட்டாத்தான் வேலை நடக்கும். ஒரு நரம்பு செத்தா, அது பாத்துக்கிட்டிருந்த நாரெல்லாம் அனாதையாகிடும். பக்கத்து நரம்பு கிளை விட்டு அதுங்களையும் சேத்துக்கும், தன்னால முடியற வரைக்கும். பயிற்சி ஆரம்பிக்கும் முன்னாடியே இந்த ஆளு மிச்சம் மீதி நரம்ப வெச்சுத்தான் நடமாடியிருக்காரு. ஆனா இங்க பாருங்க." பின் துண்டைத் திரையில் போட்டுப் பெரிய நார்களைக் காட்டினார். "உத்தரவு கிடைச்ச நாருங்க. எப்படிப் பெருத்திருக்கு, எத்தனை புதுக் கரு! இந்த ஆராய்ச்சியில வேற ஒருத்தருக்கும் இவ்வளவு இல்ல. உயிரக் குடுத்து உழைச்சிருக்காரு. யாரு இவரு?"

"என் தம்பி மேடம்," என்றாள் ஐஸ் அக்கா.

நரம்பு மருத்துவர் பார்த்தார். கையிலும் காலிலும் ஊசி குத்திப் பார்த்தார். நோயின் பெயரைச் சொன்னார். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது என்றார். பயிற்சியால் வந்ததில்லை, மூன்று மாதம் முன்னால் தெரிந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்றும் சொன்னார். அக்காவுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

சொல்லாமலே இருந்திருக்கலாம். பேராசிரியை கடிந்துகொண்டதோடு சரி; நோட்டில் இருந்ததைத் தம்பியிடம் போய் யாரும் படித்துக் காட்டப் போவதில்லை. மூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் சாயங்காலம், அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். குரல் கேட்டது, சிரித்தது, ஒல்லி நார்கள், சின்ன எழுத்தில் எழுதி மூடினது எல்லாம். கடைசியில் பெரிய நார்களைப் பற்றியும் சொன்னாள்.

"அப்ப நான் நடிக்கல," என்றான்.

"இல்லடா."

"அரட்டையும் அடிக்கல."

"இல்லடா ராசா. நான்தான் பாவி."

அவன் மல்லாந்து படுத்து, கூரையில் இருந்த எட்டு நட்சத்திரங்களைப் பார்த்தான். "அத எப்ப பாத்தே? ரெண்டாவது வாரமா?"

"ஆமா."

"பாப்பா பொறந்தநாள் எட்டாவது வாரம்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். "அன்னிக்கு என்னால தூக்க முடிஞ்சிருக்கும்க்கா."

"வாங்க அண்ணி" என்று அவன் மனைவி அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டாள்.

நான்கு மாதம் அவன் அவளோடு பேசவில்லை. அதற்குள் அவன் கால்கள் இரண்டும் ஓய்ந்துவிட்டன. வீட்டுக்குப் போனால் கண்ணை மூடிக்கொண்டான். அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனே போனில் கூப்பிட்டான். எடுத்த எடுப்பில் கேட்டான்.

"பத்தாவது பொறந்தநாளுக்குப் பாப்பாவ யார் தூக்கறது?"

"ஏன், உன் சம்சாரம் இருக்காளே?" என்றாள்.

"என் சம்சாரம் என்னைத் தூக்கறா. பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும். அவ இடுப்பு அதுக்கே தாங்கல. பாப்பாவ நீ தூக்கு."

"நானா? எனக்கு நாப்பத்தெட்டுடா. பால் பாக்கெட்டத் தூக்கினாலே மூச்சு வாங்குது."

"வயசாகுது," என்றான் தம்பி. "எக்சர்சைஸ் பண்ணு, சரியாயிடும்."

மறுநாளிலிருந்து அந்தக் கட்டிடத்து லிப்ட் அக்காவுக்கு இல்லாமல் போயிற்று. முதலில் காலிக் கேன். பிறகு ஐந்து லிட்டர். இரண்டாம் மாடியில் உட்கார்ந்துவிடுவாள். போனில் முகம் பார்த்துப் பேசும்படி வைத்து, சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி அவனைக் கூடவே கூட்டிக்கொண்டு ஏறினாள். அவன் அங்கே கட்டிலில் தலையணைக்கு முட்டுக் கொடுத்துப் படுத்தபடி அதிகாரம் செய்தான். "குடித்தனம் பண்ணப் போறியா?" என்று கேட்டான். "சோம்பேறி" என்றான். அவள் அழுதுகொண்டே எழுந்து ஏறினாள். ஏறி முடித்து வலியில் கிடக்கும்போது, உள்ளே ஒரு புரோட்டீன் விழித்துக்கொள்வதையும், அது அடுத்ததைத் தட்டுவதையும், தூங்கிய செல்கள் கிளம்பி வருவதையும் நினைத்துப் பார்ப்பாள். அவளுடைய நரம்புகள் ஒன்று குறையாமல் உத்தரவு போட்டன. அதற்காக அவள் வெட்கப்பட்டாள்.

பத்து லிட்டர், பதினைந்து, இருபது. அவள் தொடை கல்லாக இறுகியது. அவன் தொடை அவள் முழங்கை கனத்துக்கு வந்தது. அவன் அதிகாரமும் மெலிந்துகொண்டே வந்தது. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "நடிக்காத" என்று சொல்வதற்கு ஒரு மாடி நேரம் எடுத்தது. அவள் கேனோடு நின்று, அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு ஏறுவாள்.

பத்தாவது பிறந்தநாள் காலை. குழந்தை முப்பது கிலோ இருந்தாள். கட்டிலைச் சுவரோரம் நகர்த்தவில்லை, நட்சத்திரங்கள் அவனுக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்று. அவன் மனைவி அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா மரப்பெட்டியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். குனிந்து குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். ஒரு கால் பெட்டியில் வைத்து, ஒரே மூச்சில் ஏறி நின்றாள். கீழே தம்பியின் கண்கள் அகன்றன. கிரேன் என்ற பெயர் வாங்கியவனுக்குத் தெரியாதா, தூக்கினது சரியா இல்லையா என்று.

"எட்டுதா கண்ணு?"

"எட்டுது அத்தை." தலைக்கு மேல் அட்டை உரியும் சத்தம் கேட்டது. "ஒட்டிட்டேன்."

அக்கா அண்ணாந்து பார்த்தாள். எட்டாவது நட்சத்திரத்துக்குப் பிறகு ஒரு கையகலம் வெறுமையாக இருந்தது. அதற்கு அப்பால் புதிய நட்சத்திரம்.

"ஏன் கண்ணு தள்ளி ஒட்டினே? ஒன்பதாவதும் கையிலதானே இருக்கு, அதையும் ஒட்டிடு. அத்தை தாங்குவேன்."

"அது வேணாம்," என்றாள் குழந்தை, ஸ்டிக்கரைப் பத்திரமாகத் தன் பையில் போட்டுக்கொண்டே. "அது அப்பா தூக்கறப்ப ஒட்டறது."

கட்டிலில் படுத்திருந்தவன் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். துடைத்துவிட அவனுக்குக் கை வராததால், கண்ணீர் அதன் போக்கில் காது வரை இறங்கியது. அக்கா பெட்டியின் மேல் நின்றுகொண்டே இருந்தாள். அவள் கால்கள் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.